இடது கைப் பக்கம் புயல்

பர்னபாஸுக்குச் சுரங்கத்தில் மணியடிக்கிற வேலை. தேவாலய மணி என்று நினைத்துக்கொண்டு யாரும் கும்பிட வேண்டாம். கிணறு மாதிரிச் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டின் வாயில் தொங்கும் துருப்பிடித்த இரும்பு மணி அது. ஒரு தட்டுத் தட்டினால், ஆளையும் பாறையையும் ஏற்றி இறக்குகிற கேஜ் நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் இறங்க வேண்டும். மூன்று தட்டினால், ‘உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்து, மெதுவாக’ என்று இன்ஜின்காரனுக்கு அர்த்தம். பாறைக்கும் மரக்கட்டைக்கும் அந்த மூன்று தட்டு கிடையாது.

பதினோரு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட மணியை மாற்றி அடித்ததில்லை. சுரங்கத்தில் அவன் கைக்கு அவ்வளவு நிதானம். அந்த நிதானம் வாய்க்கு மட்டும் வரவே இல்லை. மூன்று தட்டித் தட்டி மெதுவாக இறக்க வேண்டிய ஆளை, வீட்டில் ஒரு வார்த்தையில் பாறை மாதிரி கீழே விட்டுவிடுவான்.

அப்படித்தான் ஆவணி மாதம் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இசபெல்லாவை விட்டான்.

இசபெல்லா அவன் மனைவி. அவளுடைய தங்கை ரங்கூனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், பார்க்கத் தாய் இல்லை, அக்கா வா என்று கடிதம். இசபெல்லா பெட்டி கட்டினாள். பர்னபாஸுக்குக் கோபம் இல்லை, பயம். இவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த மூங்கில் தட்டி வீட்டில் இரண்டே பேர். ரங்கூன் பெரிய பட்டணம், அங்கே ஒரு புதுக் குழந்தை வேறு. இந்தக் கல்தூசிக்குள் திரும்பி வர அவளுக்கு என்ன தலையெழுத்து என்று அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ரயில் ஜன்னல் அருகே நின்றபோது அவன் சொல்ல நினைத்தது: ‘சீக்கிரம் வந்துடு. நீ இல்லாம எனக்குக் கஞ்சி எறங்காது.’ நெஞ்சிலிருந்து நேராகத்தான் கிளம்பியது. வழியில் எங்கேயோ திரும்பிவிட்டது. வாயைத் தாண்டி வந்தது இதுதான்:

“போறவ திரும்பி வரணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல.”

இசபெல்லா அவனைப் பார்த்தாள். ஜன்னல் பலகையை இறக்கினாள். அதற்குப் பிறகுதான் வண்டி ஊதியது.

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்பதே அவன் யோசனை. கீழே போன கேஜைக்கூட மேலே இழுத்துவிடலாம்.

ஐப்பசி பிறந்தபோது, சுரங்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்து சாமான்களை ஏலம் விட்டார். அவர் காப்டன். கப்பல் கிடையாது. தங்க வயலில் மேஸ்திரிகளுக்கு மேலே இருக்கிற வெள்ளைக்காரருக்கெல்லாம் காப்டன் என்றுதான் பெயர். கட்டில் போயிற்று, நாற்காலிகள் போயின. கடைசியில் ஒரு பித்தளைக் கடிகாரம் வந்தது. ஒற்றை முள். மணி எழுத்துக்கு பதிலாக ஏதோ இங்கிலீஷ் வார்த்தைகள்.

“இது இன்னா நேரம் காட்டுது?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“நேரம் இல்லப்பா. மழை, புயல் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லும். பாரோமீட்டர். கப்பல்ல இதத்தான் வெச்சிருப்பான்” என்றார் ஏலம் விடுகிறவர்.

கப்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் பர்னபாஸின் கை தானாகத் தூக்கிக்கொண்டது. போட்டிக்கு ஒருவரும் இல்லை. தங்க வயலில் புயலைப் பற்றி யாருக்கு என்ன கவலை? கடல் நூற்றைம்பது மைல் தள்ளி.

வீட்டில், இயேசு மலைமேல் ஜெபிக்கிற படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான். மிஷன் பள்ளியில் கற்ற அரைகுறை இங்கிலீஷை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். வலக்கோடியில் ‘வெரி டிரை’. அப்புறம் ‘ஃபேர்’. நடுவில் ‘சேஞ்ச்’. பிறகு ‘ரெயின்’. இடக்கோடியில் ‘ஸ்டார்மி’, அதாவது புயல். முள் எங்கே என்று பார்த்தான். ஸ்டார்மியையும் தாண்டி, எழுத்தே இல்லாத வெற்றிடத்தில் நின்றது. செய்தவனே பேர் வைக்கப் பயந்த இடம்.

பர்னபாஸ் ஓடிப் போய்ப் பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் சொன்னான். சரோஜம்மா பூட்டுத்தாக்குப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் கல்லரைக்கிற மில்லில் வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லைனில் எந்தச் செய்தியும் அவள் வாசலைத் தாண்டாமல் அடுத்த வீட்டுக்குப் போகாது.

“சரோஜம்மா, கூரையைக் கட்டு. பெரிய புயல் வருது.”

“வானத்தைப் பாத்தியா அண்ணா? ஒரு துண்டு மேகம் இல்ல. நான் வடகம் காயப் போட்டுகினு கீறேன்.”

“வானம் ஏமாத்தும். இது சீமையில செஞ்சது.”

சீமையில் செய்தது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவியது. கேஜை இழுத்துத் தேய்ந்துபோன இரும்புக் கயிறுகள் குப்பையில் கிடந்தன. அவற்றைப் பிரித்து இழை இழையாக எடுத்து, நாற்பது வீட்டுத் தட்டிக் கூரைகளையும் முளையடித்துக் கட்டினார்கள். பர்னபாஸ் வீடு வீடாகப் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அன்றைக்கே ரங்கூனுக்கு ஒரு கடிதமும் போட்டான்: ‘கடல் சரியில்லை. நீ இப்போது கப்பல் ஏற வேண்டாம்.’

மறுநாள் நல்ல வெயில். அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் வடகம் எல்லாம் காய்ந்து டப்பாவுக்குள் போய்விட்டது. முள் மட்டும் அதே வெற்றிடத்தில் நின்றது. பர்னபாஸுக்குப் ‘புயல் பர்னபாஸ்’ என்று பெயர் வந்தது. ஷிப்டுக்கு வருகிறவர்கள் கேஜில் ஏறும்போது, “இன்னா பெல்காரே, எறங்கலாமா? இல்ல, கீழ மின்னல் கின்னல் அடிக்குமா?” என்று கேட்பார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று மணி அடிப்பான். கேலி செய்கிறவர்களும் மனிதர்கள்தானே. சரோஜம்மா தன் வீட்டுக் கயிற்றை அவிழ்த்துத் துணி உலர்த்தக் கொடியாகக் கட்டிக்கொண்டாள்.

இனிமேல் பெருமாளைக் கேட்பதுதான் வழி என்று தோன்றியது. பெருமாள் ராயபுரத்துக்காரன். பன்னிரண்டு வருஷம் கப்பலில் வேலை பார்த்தவன். இப்போது ஈராயிரம் அடி ஆழத்து லெவலில், பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறான். கடலை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டால், “கடல்ல விழுந்தா எவ்வளோ ஆழம்னு தெரியாது. இங்க அளந்து வெச்சிருக்கான்” என்பான். பர்னபாஸுக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகை மூக்குப்பொடி.

தன் ஷிப்ட் முடிந்ததும், மாற்று ஆள் மணியைப் பிடித்துக்கொள்ள, பர்னபாஸ் பாரோமீட்டரைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கேஜில் இறங்கினான். இறங்க இறங்கக் காதடைத்தது. பாதி வழியில், ஒரு சந்தேகத்துக்குத் துண்டை விலக்கி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தான்.

முள் நகர்ந்திருந்தது.

வெற்றிடத்தை விட்டு ஸ்டார்மிக்கு வந்துவிட்டது. கேஜ் கீழே போகப் போக அதுவும் வலப்பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. ஈராயிரம் அடியில் கேஜ் நின்றபோது முள் ‘ரெயின்’ மேல் நின்றது. பர்னபாஸுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “பெருமாளு! புயல் போய்டுச்சுய்யா! வெறும் மழைதான்!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

பெருமாள் கோடரியைக் கீழே வைத்தான். கதை முழுவதையும் கேட்டான். பிறகு சிரித்தான். கட்டையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தான்.

“யோவ், காத்துக்கு எடை கீதுய்யா. தலைக்கு மேல எவ்வளோ காத்து கீதோ அவ்வளோ அமுக்கும். இந்த முள்ளு அதத்தான் சொல்லும். இத செஞ்சவன் கடலோரத்துக்குச் செஞ்சான். நம்ம ஊரு கிட்டத்தட்ட மூவாயிரம் அடி ஒசரம். அந்த மூவாயிரம் அடிக் காத்து நம்ம காலுக்குக் கீழ போய்டுச்சு. அமுக்கறது கம்மி. அதனால இங்க வெயில் அடிச்சாலும் புயல்னுதான் காட்டும். இப்ப நீ ஈராயிரம் அடி எறங்கினே, கொஞ்சம் காத்து திரும்பக் கெடைச்சுது, ஏறிச்சு. அவ்வளோதான்.”

பர்னபாஸ் முள்ளையும் காலடித் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, “இன்னும் ஆயிரம் அடி வெட்டினா?” என்றான்.

“நல்ல வெயில் வந்துடும். போய் காப்டன்கிட்ட சொல்லு.”

“நான் அவளுக்கு லெட்டர் போட்டுட்டேன்யா, கப்பல் ஏறாதேன்னு.”

பெருமாளின் சிரிப்பு நின்றது. இசபெல்லாவையும் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் நடந்ததையும் அவன் அறிவான். பொடி மட்டையை நீட்டினான்.

“பின்னாடி பாரு, சின்னத் திருகு ஒண்ணு கீது. அத திருப்பினா முள்ளு நீ சொல்ற எடத்துல நிக்கும். ஆனா அது எங்க நிக்குதுன்னு பாக்காதே. நகருதான்னு பாரு. காலைல பத்து மணிக்கு மயிரிழை ஏறும். சாயந்தரம் நாலு மணிக்கு மயிரிழை எறங்கும். தெனமும் ஏறும், எறங்கும். மனுசன் மூச்சு விடற மாதிரி. என்னிக்கு அந்த மூச்சு நிக்குதோ, ஏறாம எறங்கிகினே போவுதோ, அன்னிக்கு நான் சிரிக்க மாட்டேன்.”

“அன்னிக்கு இன்னா?”

“அன்னிக்கு வங்காளக் கடல்ல அடுப்பு பத்திகிச்சுன்னு அர்த்தம்.”

கப்பலில் ஒரு சீமை இன்ஜின்காரர் இருந்தாராம். குடித்தால் இதைத்தான் பேசுவாராம். குடிக்காத நாளில் ஒன்றும் பேச மாட்டாராம். அவரிடம் கேட்டதைப் பெருமாள் சொன்னான். பழைய ஷாஃப்ட் வழியாகச் சுரங்கத்துச் சூட்டுக் காற்று மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பப் புது ஷாஃப்ட் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே ஓடி வருகிறது. அதனால்தான் இந்த மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கடலிலும் இதே கதை.

“கோடை முழுக்க வெயில் குடிச்ச தண்ணி, ஐப்பசியில ஆவி விடும். ஆவி சும்மா போவாது, சூட்டையும் மடியில கட்டிகினு போவும். மேல போய்க் குளுந்து மேகமாவும்போது அந்தச் சூட்ட அங்க அவுத்து வுட்டுடும். அங்க இருக்கற காத்து சூடேறி இன்னும் மேல போவும். கீழ காத்து கொறஞ்சிடும். உடனே நாலு பக்கத்துக் காத்தும் ஓடியாரும். ஓடியாரது இன்னும் ஆவியக் கொண்டாரும். கடல்தான் பாய்லரு. அது கொதிக்கற வரைக்கும் இன்ஜின் நிக்காது. தரைக்கு வந்தாத்தான் நெருப்பு அணையும்.”

“சரி, நாலு பக்கமும் ஓடியாந்து நெரப்பிட்டுப் போவ வேண்டியதுதானே? இன்னாத்துக்குச் சுத்துது?”

பெருமாள் ஷாஃப்ட் பக்கம் கையைக் காட்டினான். “மேலேர்ந்து கை தவறி ஒரு கல்லு வுழுந்தா எந்தப் பக்கமா வரும்?”

இது பர்னபாஸின் தொழில். “நேரா வராது. கிழக்கால ஒரு அடி தள்ளி வரும். அதனாலதான் கீழ நிக்கறவன மேக்கால நிக்கச் சொல்றோம்.”

“ஏன் தள்ளிப் போவுது?”

“உங்க முனீஸ்வரன் கோயிலு அந்தப் பக்கம் கீது. இழுக்கறாரோ இன்னாவோ.”

“முனீஸ்வரனுக்கு வேற வேல இல்ல பாரு. கேஜ இழுக்கற வைண்டிங் சக்கரத்த நெனச்சுக்கோ. ஓரம் வேகமாச் சுத்தும், அச்சுகிட்ட மெதுவாச் சுத்தும். பூமியும் கிழக்கப் பாத்துச் சுத்துது. ஷாஃப்ட் வாயி ஓரம், அடி அச்சுப் பக்கம். வாயில இருந்த கல்லு அந்த வேகத்தோட வுழுது. கீழ இருக்கற தரைக்கு அவ்வளோ வேகம் இல்ல. கல்லு முந்திக்குது. கிழக்கால போய்டுது.”

பர்னபாஸ் தலையை ஆட்டினான். பதினோரு வருஷம் கேட்காமலே தெரிந்துவைத்திருந்த ஒன்றுக்கு இன்றுதான் காரணம் கிடைத்தது.

“காத்தும் அதே மாதிரிதான். தெக்க, லங்கைக்கு அந்தண்ட, பூமிக்கு வயிறு பெருசு, ஓட்டம் வேகம். வடக்க போவப் போவ ஓட்டம் கம்மி. தெக்கேர்ந்து நடுவப் பாத்து ஓடியார காத்து, வேகத்துல முந்திகினு கிழக்கால வெலகிடும். வடக்கேர்ந்து வர்றது பின்தங்கி மேக்கால வெலகிடும். நடு மட்டும் இழுத்துகினே கீது. குறி வெக்கறது எல்லாம் நடுவுக்குத்தான். ஒண்ணும் போய்ச் சேராது. சேராம நடுவச் சுத்திகினே கெடக்கும். அதான் புயலு.”

“நேராத்தான் கெளம்புது” என்றான் பர்னபாஸ் மெதுவாக. “வழியில திரும்பிடுது.”

“ஆமாய்யா.”

“பாவம்.”

பெருமாள் அவனைப் பார்த்தான். புயலைப் பார்த்துப் பாவம் என்றவனை அவன் பன்னிரண்டு வருஷக் கடலில் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்த பர்னபாஸ் திருகைத் தொடவில்லை. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் முள்ளைப் பார்த்தான். பெருமாள் சொன்ன மாதிரியே ஏறியது, இறங்கியது. வேலை இருக்கிற பொழுதில் பார்க்க முடியாதபோது சரோஜம்மாவைப் பார்க்கச் சொன்னான். அவளும் தலையில் அடித்துக்கொண்டு பார்த்துச் சொன்னாள்: “உன் கடியாரம் மூச்சு வுடுது அண்ணா. பயப்படாதே.” ஒரு மாதம் அப்படிப் போயிற்று. அடுத்த கடிதத்தில் இசபெல்லாவுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும் என்று தினமும் உட்காருவான். ‘அன்புள்ள’ என்பது வரை நேராகப் போகும்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து தபால் அட்டை வந்தது.

‘குழந்தை நலம். ஆண். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே கடல் சரியாகத்தான் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். வர வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று எழுதலாம். புயல் மேல் பழி போட வேண்டியதில்லை. வருகிற வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறேன். நேரில் சொல்லுங்கள். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றவும்.’

நேற்றுதான் அந்த வியாழக்கிழமை. அவள் கடலில் இருக்கிறாள். கோபத்தோடு இருக்கிறாள். அவனே எழுதி அவளைக் கப்பலில் ஏற்றியிருக்கிறான். பர்னபாஸ் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினான். இரண்டு தவலை ஊற்றினான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முள் ஏறவில்லை.

நாலு மணிக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் இறங்கியிருந்தது. ஏற்கெனவே பெயரில்லாத இடத்தில் நின்றது, அதற்கும் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. கோயிலில் பாட்டுப் பாடும்போது பர்னபாஸின் வாய் மட்டும் அசைந்தது. ஆராதனை முடிந்ததும் பெருமாளைத் தேடிப் போனான். பெருமாள் அவன் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் சயனைட் மேட்டின் மேல் ஏறினார்கள். பொன் எடுத்த பிறகு கொட்டிய மண், குன்றாக நின்றது. மேலே போனால் காற்றுக்குத் தடையே கிடையாது. வடக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது, வெள்ளைத் தூசியைச் சுழற்றிக்கொண்டு. கிழக்கு வானத்தில் மயிலிறகு மாதிரி மேகக் கீற்றுகள்.

“காத்துக்கு முதுகக் காட்டி நில்லு” என்றான் பெருமாள்.

நின்றான். முகம் தெற்கே பார்த்தது.

“எடது கைய நீட்டு. தோளுக்கு நேரா வேணாம், கொஞ்சம் முன்னாடி. அங்கதான் புயலு. நம்ம பக்கத்துக் கடல்ல எங்க நின்னாலும் இதான் கணக்கு.”

பர்னபாஸின் இடது கை கிழக்கே நீண்டது. வேலூர், ஆற்காடு, சென்னப்பட்டணம், அப்புறம் கடல். கையைக் கீழே இறக்க அவனுக்கு மனம் வரவில்லை. இந்த விரல் நுனியிலிருந்து ஒரு கோடு போட்டால் அதில் எங்கோ அவள் இருக்கிறாள்.

“கப்பல் அங்க மாட்டிகிச்சின்னா?”

“கப்பல்காரனுக்கும் எடது கை கீதுய்யா. அவன்கிட்டயும் இந்த முள்ளு கீது. எறங்குதுன்னு பாத்ததும் முதுகக் காட்டி நிப்பான், கைய நீட்டுவான், அந்தப் பக்கம் போவாம நகந்துப்பான். ரெண்டு நாளு, மூணு நாளு லேட்டாவும். நல்ல காப்டனா இருந்தா.”

“இல்லன்னா?”

பெருமாள் பொடி மட்டையைத் திறந்தான். காற்று பொடியை அள்ளிக்கொண்டு போயிற்று.

பர்னபாஸ் கையை நீட்டியபடியே ஜெபம் பண்ணினான். மூன்று மாதமாக ‘அவள் மனசை ஆற்றும், அவளைத் திரும்பக் கொண்டுவாரும்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவன், இன்றைக்கு வேறு கேட்டான். ஆண்டவரே, அவள் கோபம் ஆறவே வேண்டாம். அட்டையில் எழுதியதற்குப் பிறகு இன்னும் கோபம் வந்து, அவள் கப்பல் ஏறாமல் தங்கையோடே இருந்திருக்கட்டும். ரங்கூனிலேயே இருக்கட்டும். எனக்குத் திரும்பி வர வேண்டாம். நனையாமல் எங்கேயாவது இருந்தால் போதும்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை வந்துவிட்டது. படுக்கை வாட்டில் அடித்தது. கட்டின கூரைகள் நாற்பதில் முப்பத்தொன்பது கட்டினபடியே இருந்தன. அவிழ்க்கச் சோம்பல். சரோஜம்மா வீட்டுக் கூரை மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து, முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது. அவள் புருஷனையும் வடக டப்பாவையும் இழுத்துக்கொண்டு பர்னபாஸ் வீட்டுக்குள் வந்தாள்.

“ஒரு வார்த்த பேசாதே அண்ணா” என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே.

“நான் இன்னா சொன்னேன்?”

“மூஞ்சி சொல்லுது.”

அவன் முகம் அதைச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசியது. முற்றத்தில் நின்று முதுகைக் காட்டிக் கையை நீட்டினான். கை வடக்கே காட்டியது. புயல் தரையேறி வடக்காகப் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலை முள் ஏற ஆரம்பித்தது. புதன்கிழமை பத்து மணிக்கு ஏறி, நாலு மணிக்கு மயிரிழை இறங்கியது. மூச்சு வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனுக்குப் போனான். சென்னை வண்டியிலிருந்து இறங்கி மாறி ஏறுகிற பௌரிங்பேட்டை வண்டி வந்தது. மூட்டைகள் இறங்கின, ஒரு பாதிரியார் இறங்கினார், ஆடு ஒன்று இறங்கியது. பாதை அரித்திருந்ததால் சென்னை வண்டிகள் தாமதம் என்றார்கள். கப்பலைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையும் போனான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசிப் பெட்டிக்கு வந்தபோது, இறக்கியிருந்த ஜன்னல் பலகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். மூன்று தட்டு.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

பலகை உயர்ந்தது. இசபெல்லா. வாந்தியெடுத்து வாந்தியெடுத்து முகம் பாதியாகியிருந்தது. கையில் பூப்போட்ட ரங்கூன் குடை.

“ஆளு இருக்காங்க, பாத்து எறக்குங்க” என்றாள். “பெட்டிய இல்ல. என்னைய.”

கையைப் பிடித்து இறக்கினான். பிளாட்பாரத்தில் கால் பட்டதும் அவள் தள்ளாடினாள். தரை இன்னும் ஆடுகிறதாம். மூன்று நாள் கப்பல் முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் கடலில் நின்றதாம். காப்டன் தளத்தில் நின்று அடிக்கடி கையை நீட்டி நீட்டிப் பார்த்தாராம். யாரைக் கூப்பிடுகிறார் என்று பெண்களெல்லாம் பயந்தார்களாம்.

“எந்தக் கை?” என்றான் பர்னபாஸ்.

“இதென்ன கேள்வி? எடது கைதான்.”

அவன் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டான், முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்று. இரண்டு பேரும் லைனை நோக்கி நடந்தார்கள். மழை விட்டு, மெல்லிய காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். ஏலம், முள், கூரைகள், ‘புயல் பர்னபாஸ்’, ஷாஃப்டில் இறங்கியது, கிழக்கே தள்ளி விழும் கல். கடிதம் அந்த முள்ளால் வந்த வினை என்றும், வர வேண்டாம் என்று அர்த்தமில்லை என்றும் சொல்ல வரும்போது மட்டும் பேச்சு சுற்றத் தொடங்கியது. காற்றுக்கு எடை உண்டு என்று இரண்டு தடவை சொன்னான். சயனைட் மேட்டில் எப்படி நின்றான் என்றும் சொன்னான்.

இசபெல்லா நின்றாள். “எப்படி? காத்துக்கு முதுகக் காட்டியா?”

“ஆமா.”

“எடது கைய நீட்டணுமா?”

“நேரா இல்ல. கொஞ்சம் முன்னாடி.”

அவள் குடையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். காற்றுக்கு முதுகு காட்டி, இடது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். பெட்டியோடு ஓரடி முன்னால் நின்றிருந்த அவன் தோளில் கை பட்டது.

“புயல் இங்கதான் கீது” என்றாள். கையை எடுக்கவில்லை.

பர்னபாஸ் தலைமேல் இருந்த பெட்டியைச் சரிசெய்துகொண்டான். பிறகு எப்படியோ, வழியில் எங்கேயும் திரும்பாமல், அது நேராக வெளியே வந்தது.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் சொன்னேனே, அத நான் சொல்ல வரலம்மா. சீக்கிரம் வந்துடுன்னு சொல்லத்தான் வந்தேன்.”

“என்னிக்கு? இன்னா சொன்னீங்க?”

“திரும்பி வரணும்னு கட்டாயமில்லன்னு.”

“அப்படியா சொன்னீங்க?” இசபெல்லா தோளிலிருந்து கையை எடுத்து, அவன் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூசியைத் தட்டினாள். “எனக்குக் காதுல வுழல. வண்டி ஊதிடுச்சு.”

பர்னபாஸ் மணியடிக்கிறவன். எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம் வந்தது என்பதில் பதினோரு வருஷமாக அவனுக்குத் தவறு நேர்ந்ததில்லை. முதலில் அவன் வார்த்தை. அப்புறம் ஜன்னல் பலகை. வண்டி ஊதியது அதற்கும் பிறகு.

“ஆமா” என்றான். “பெரிசாத்தான் ஊதிச்சு.”

தூரத்தில் ஷாஃப்ட் பக்கமிருந்து மாற்று ஆள் மணியடிப்பது கேட்டது. இரண்டு பேரும் எண்ணினார்கள். மூன்று. பிறகு, தரை இன்னும் அவளுக்கு ஆடிக்கொண்டிருந்ததால், மெதுவாக நடந்தார்கள்.